சூரியனைப் பாம்பு விழுங்கிய காலை

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26, வியாழக்கிழமை. கண்டியில் நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கையில் அன்று காலை எல்லா வீடுகளிலும் சூரியனைப் பற்றித்தான் பேச்சு. மேல்வீட்டுச் சிங்களக் குடும்பம் பிரித் ஓதிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு நானா கிரகணத் தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். என் அம்மா விடியமுன்னரே சமைத்துச் சாப்பிட வைத்துவிட்டு, தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய்ப் போத்தலிலும் தர்ப்பைப் புல்லைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

பின்வீட்டு அக்கா மட்டும் முற்றத்தில் நின்றார். முல்லைத்தீவுக்காரர். 9.25க்குச் சுனாமியில் இறந்தவர்களுக்காக இரண்டு நிமிட மௌன அஞ்சலி. அந்த நேரத்தில் சூரியனின் பெரும்பகுதி மறைந்துகொண்டிருந்தது. "பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு அதே திகதியில இப்பிடி இருட்டுது. என்ன வரப்போகுதோ தங்கச்சி" என்றார்.

நியாயமான பயம்தான். ஆனால் 2004 டிசம்பர் 26 போயா தினம், அதாவது முழுநிலா நாள். சூரிய கிரகணமோ அமாவாசையில் மட்டுமே வரும். சுனாமியைக் கொண்டுவந்தது சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த பூமியதிர்ச்சி. இரண்டுக்கும் பொதுவானது கலண்டரில் உள்ள திகதி மட்டுமே. இதைச் சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப என்ர பிள்ளையின்ர விசயம்?" என்று கேட்டார்.

அந்த விடயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கிரகணம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரூபாய்க் குற்றியை மற்றக் கண்ணருகே பிடித்தால் மரத்தில் தொங்கும் பலாப்பழம் முழுவதும் மறைந்துவிடும். சிறியது கிட்ட இருந்தால் பெரியதை மறைக்கும். சூரியன் சந்திரனைப் போல ஏறக்குறைய 400 மடங்கு அகலமானது. தூரமும் ஏறக்குறைய 400 மடங்கு. அதனால்தான் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன, ஒன்று மற்றதை மூடவும் முடிகிறது. சந்திரன் சற்றுத் தொலைவில் இருக்கும் நாளில் முழுவதையும் மூட முடியாமல் ஓரத்தில் நெருப்பு வளையம் மிஞ்சும். 2019இல் வடக்கிலும் திருகோணமலையிலும் தெரிந்தது அதுதான். கண்டிக்குப் பிறைதான் கிடைத்தது.

அப்படியானால் ஒவ்வோர் அமாவாசையிலும் ஏன் கிரகணம் வருவதில்லை? சந்திரனின் பாதை சுமார் 5 பாகை சரிந்திருக்கிறது. சூரியனின் பாதையை அது இரண்டே இடங்களில்தான் வெட்டும். அந்த வெட்டும் புள்ளிகளுக்கு அருகில் அமாவாசை நேர்ந்தால் மட்டுமே மறைப்பு உண்டாகும். நம் சோதிட நூல்கள் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் வைத்த பெயர்கள்தான் இராகு, கேது. பாம்புக் கதைக்குள் கணக்கு ஒளிந்திருக்கிறது.

கதை உங்களுக்குத் தெரியும். பாற்கடல் கடைந்த அமுதத்தை மோகினி பரிமாறும்போது ஓர் அசுரன் தேவர் வரிசையில் புகுந்து வாங்கிக் குடித்துவிடுகிறான். சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுக்க, அவன் தலை வேறு உடல் வேறாகிறது. அந்தக் கோபத்தில் இராகு சூரியனை விழுங்குகிறான். தலை மட்டுமே உள்ளவன் ஆதலால் விழுங்கிய சூரியன் கழுத்து வழியாக வெளியே வந்துவிடும் என்பது பாட்டிமார் தரும் விளக்கம். மறுத்துப் பேச முடியாத விளக்கம்!

மேல்வீட்டார் ஓதிய பிரித்திலும் இராகு உண்டு. பௌத்த நூலில் இராகு பிடித்த சூரியன் புத்தரிடம் அடைக்கலம் கேட்கிறான். விடச் சொல்லி புத்தர் சொல்ல, இராகு நடுநடுங்கி விட்டுவிட்டு ஓடுகிறான். நானாவின் மார்க்கத்தில் விடயம் வேறு. 632ஆம் ஆண்டு நபிகளாரின் சின்ன மகன் இப்ராஹீம் இறந்த நாளில் கிரகணம் வந்தது. அந்தப் பிள்ளைக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனோ சந்திரனோ கிரகணம் அடைவதில்லை என்று நபிகளார் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்த அன்று ஒரு தகப்பன் சொன்ன வார்த்தை அது.

நம்மவர்களும் கதையோடு நின்றுவிடவில்லை. கிரகணம் நிழலால்தான் உண்டாகிறது என்று ஆரியபட்டர் கி.பி. 499இல் எழுதினார். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், காகிதமும் பேனாவும் இல்லாமல், நிலத்தில் சோழிகளை அடுக்கி, மனப்பாடம் செய்திருந்த வாய்பாட்டைச் சொல்லியே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்கு தவறியது நான்கு நிமிடங்கள்தான். முடியும் நேரத்தில் ஐம்பது நிமிடங்களுக்கு மேல் பிழைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அம்மாவுக்கு நினைவிருக்கும் கிரகணம் 1955 யூன் 20ஆம் திகதி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் இலங்கைக்கு மேலாகச் சென்றது. ஹிங்குராங்கொடைப் பக்கம் வெளிநாட்டு விஞ்ஞானிகள் கருவிகளோடு காத்திருக்க, மேகம் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் பத்து வயதுப் பிள்ளையாக இருந்த அம்மா, காலையில் திறந்துவிட்ட கோழிகள் மறுபடி கூட்டுக்குப் போனதைச் சொல்வார். ஆனால் அந்தக் கிரகணத்தில் நாட்டுக்கு மறக்காமல் நின்றது வசம்புக் கதைதான். கிரகண வேளையில் வசம்பு கலந்த மருந்தைக் குடித்தால் கறுத்த பெண் வெளுப்பாள் என்று ஒரு பேச்சுப் பரவியது. நம்பிக் குடித்த பெண்கள் பலர் வாந்தியெடுத்து வைத்தியசாலைக்குப் போனார்கள். பிள்ளைக்குச் சுட்டு உரைத்துத் துளி கொடுக்கும் வசம்பு, அளவு மீறினால் நஞ்சு. வசம்புக்குச் சிங்களத்தில் 'வதகஹ'. 'வதகஹ சுதீ' என்ற கேலிப்பெயர் அதன்பின் நிலைத்துவிட்டது. கேலி செய்தவர்கள், கறுத்த பெண்ணை ஏன் யாரும் கட்ட மறுத்தார்கள் என்று கேட்டார்களா தெரியவில்லை.

இனி அக்காவின் பிள்ளை. 2009 ஜனவரி 26 பிற்பகல் இலங்கையில் ஒரு பகுதிக் கிரகணம் தெரிந்தது. அன்று அக்கா வன்னியில் ஐந்து மாதக் கர்ப்பிணி. பங்கருக்கும் வெளிக்குமாக ஓடிக்கொண்டிருந்த நாட்கள். முகாமில் பிறந்த மகளுக்கு மேலுதடு பிளந்திருந்தது. "கிரகணத்துக்க வெளியில திரிஞ்சவள்" என்று மாமியார் சொன்ன சொல், பத்து வருடமாக அவரோடு கூடவே வந்தது. "செல் விழேக்க கிரகணம் பாத்தே ஓடுறது?" என்று கேட்டுவிட்டு அக்கா அழுதார்.

குழந்தையின் மேலுதடு கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதங்களுக்குள் பொருந்திவிடும். பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்றே தெரியாத காலம் அது. அந்த நாட்களில் இரு பக்கமும் சேராமல் போனால் பிளவு நிற்கும். பரம்பரை, சில மருந்துகள், புகைத்தல், தாயின் போசாக்குக் குறைவு என்று காரணங்கள் பல. பல வேளைகளில் இன்னதென்று சொல்லவே முடியாது. ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணம் எப்படி அதைச் செய்யும்? காய் வெட்டியதும் வெளியில் போனதும் காரணமல்ல. கிளினிக்கில் தரும் போலிக் அசிட் குளிசையைக் குடிப்பதுதான் நம் கையில் உள்ளது. பிளவோடு பிறந்தாலும் அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகத் தைத்துவிடலாம். அக்காவும் மகளின் சத்திரசிகிச்சைக்காகப் பேராதனைக்கு வந்துபோனவர்தான். பிறகு கண்டியிலேயே வீடு எடுத்துவிட்டார்.

பழையவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் விடக்கூடாது: கிரகணச் சூரியனைப் பார்க்கக் கூடாது. விழித்திரைக்கு நோவு தெரியாது. சுடுவது தெரியாமலே பார்வை போகும். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே படம், மஞ்சள் தண்ணீர்ப் பாத்திரம் எதுவும் காவல் அல்ல. கிரகணத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். அல்லது சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, நிழலைப் பாருங்கள். (உலக்கை நிற்பதைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். சமதரையில் அது எந்த நாளும் நிற்கும்.)

அன்று எங்கள் மாமரத்தின் கீழ் சீமெந்துத் தரை முழுவதும் நூற்றுக்கணக்கான பிறைகள். இலை இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு சூரியனைக் கீழே வரைந்திருந்தது. அக்காவின் மகள் குசினிக்குள் ஓடி அரிதட்டை எடுத்துவந்து பிடித்தாள். அதன் ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு பிறை. "அம்மா, உங்கட சட்டையிலயும் இருக்கு" என்றாள். அக்கா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். சத்தம் கேட்டு என் அம்மாவும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

வடக்கில் அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21. யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பார்ப்பதென்று அவள் அன்றே சொல்லிவிட்டாள். அரிதட்டை அம்மம்மாதான் கொண்டுவர வேண்டுமாம்.