ஷிப்டு முடிந்த தலைமுறையும் மறதி நோயும்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வலயம் 1972-இல் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் நிறுவனத்தின் முதல் ஆலை வந்ததும் அங்கேதான். இருபது வயதுகூட நிரம்பாத பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குச் சேர்ந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பொருத்திய கைகள் அவை. அந்தத் தலைமுறை இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. பாயான் பாரு அடுக்குமாடிகளில் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரது வீடுகளுக்குள் அல்ஸைமரும் வந்துவிட்டது.

ஒரு வீட்டில், மாலையானால் அம்மா உடை மாற்றிக்கொள்கிறார். கைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறார். "நைட் ஷிப்டு, கம்பெனி பஸ் வந்துடும்" என்று கதவைத் திறக்கப் போகிறார். "நீங்க வேலைய விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சும்மா" என்று மகள் சொன்ன நாளெல்லாம் சண்டையில்தான் முடிந்தது. இப்போது, "இன்னைக்கு பஸ் லேட்டும்மா, வாங்க கோப்பி குடிப்போம்" என்கிறார். அம்மா உட்கார்ந்துவிடுகிறார். புதிய நினைவுகளைப் பதிந்து வைக்கும் மூளைப் பகுதியைத்தான் இந்நோய் பெரும்பாலும் முதலில் அரிக்கிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது, பழைய ஷிப்டு நேரம் மறப்பதில்லை. பொழுது சாயும்போது குழப்பம் கூடுவதும் இந்நோயில் வழக்கம்.

என்னை வருத்துவது அதற்கு முந்தைய காலம். பாசாரில் பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்த அம்மா மீன்காரரிடம் மணிபர்ஸை அப்படியே நீட்டினார். அடுப்பில் பால் கருகியது. "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீடே சொல்லிக்கொண்டிருந்தது. மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2018-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கணித்தது. உலக அளவில் டிமென்ஷியா உள்ளவர்கள் 5.5 கோடிக்கும் மேல். அதில் 60 முதல் 70 விழுக்காடு அல்ஸைமர்தான். முதுமையில் எல்லோருக்கும் வருவதல்ல இது. இது நோய்.

முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லைதான். அதற்காகக் கிளினிக் போகாமல் இருந்துவிடக் கூடாது. தைராய்டு கோளாறு, பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. உலகில் ஏறக்குறைய 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது 2024-இல் வந்த லான்செட் குழு அறிக்கை. அது சுட்டும் காரணங்களில் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், காது கேளாமை மூன்றும் நம் வீடுகளுக்குப் பழக்கமானவை. சர்க்கரைக்கு மாத்திரை போடும் நாம், காதுக்கு மிஷின் வைக்க மட்டும் ஏனோ கூச்சப்படுகிறோம்.

நினைவாற்றல் சோதனைக்குப் போகும்போது தமிழில் கேட்கச் சொல்லுங்கள். பேத்தி மொழிபெயர்த்தால் பாசத்தில் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். என்ன மாற்றம், எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். பராமரிப்போருக்கு வழிகாட்ட, பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்ஸைமர் நோய் அறக்கட்டளை 1997 முதல் இயங்கிவருகிறது. அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: மாதாமாதம் பணம் அனுப்புவதோடு நிறுத்தாமல், சனி ஞாயிறில் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா ஓர் இரவாவது தூங்கட்டும்.