விரிசல் விட்ட கட்டையில் ரெசின்

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தது. புயல்ல சாய்ந்த பூவரசு, வேம்பு மாதிரி மரங்களை அறுத்து வெயில்ல போட்டுட்டா, கோடைக்குள்ள வெட்டுமுகத்துல நட்சத்திரம் மாதிரி விரிசல் விழுந்துடும். அப்புறம் அது விறகுதான். ஆனா அதுல பாதியையாவது லேத்தில் ஏற்றிக் கடையலாம் என்பது என் கட்சி.

மரத்தின் ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் அது சுருங்க ஆரம்பிக்குது. ஆண்டு வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அந்த இழுபறியைத் தாங்காமத்தான் கட்டை மையத்திலிருந்து பிளக்குது. ரெசின் இந்தச் சுருக்கத்தை நிறுத்தாது. ஈரக்கட்டையில் ஊற்றினா, பக்கத்திலேயே புது விரிசல் வரும். முதல்ல உலரணும், கடற்கரைக் காற்றுல அதுக்கு மாசக்கணக்கில் ஆகும்.

காய்ந்தபின் விரிசலைச் சுரண்டித் தூசு எடுத்து, அடியில் டேப் ஒட்டி எபாக்ஸி ஊற்றலாம். மயிரிழை விரிசலுக்குத் தண்ணி மாதிரி ஓடும் சூப்பர் குளூ போதும். நம்ம ஊர் வெயில்ல கவனம் வேணும்: 10 டிகிரி ஏறினா எபாக்ஸி இறுகும் வேகம் கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும். மொத்தமா ஒரே தடவை ஊற்றினா தானே சூடேறிக் கொதிச்சுடும். விடிகாலையில், கொஞ்சம் கொஞ்சமா, அடுக்கடுக்கா ஊற்றுங்க. நீல நிறம் கலந்து 'கடல்' காட்டுறது இப்ப ஃபேஷன். எனக்குக் காப்பித்தூள் கலந்தாலே போதும், மரத்தோட ஒட்டிப்போகுது.

இதெல்லாம் புதுசில்ல. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் கடைசலில், சுழலும் மரத்தின்மேல் அரக்கை அழுத்தினா உராய்வுச் சூட்டிலேயே உருகிப் படியும். அதுவும் பிசின்தான், பூச்சியிடமிருந்து வருவது. ஆனா விரல் நுழையும் பிளவை அடைக்க எபாக்ஸிதான் சரி.

எல்லா விரிசலும் தேறாது. 25 செ.மீ. அகலக் கிண்ணம் நிமிஷத்துக்கு 1000 சுற்று சுற்றினா, அதன் விளிம்பு மணிக்கு 47 கி.மீ. வேகத்தில் போகுது. அப்ப ஒரு துண்டு பிய்ஞ்சு வந்தா நேரா முகத்துக்குத்தான். மாமல்லபுரத்துச் சிற்பிகள் கல்லைத் தட்டி ஓசை கேட்டுத்தான் தேர்ந்தெடுப்பாங்க. கட்டையையும் அப்படித் தட்டிப் பாருங்க. பொத்தென்று கேட்டா உள்ளே பிளவு இருக்கலாம். இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை ஓடும் விரிசலா? நான் ரெசின் ஊற்றினாலும் லேத்தில் ஏற்றமாட்டேன். முகக்கவசம் போடாம மற்றதையும் ஏற்றமாட்டேன்.