பணம் போகும் இடம் தெரிந்தால்

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸைத் தெரியாத கோலாலம்பூர்த் தமிழர்கள் குறைவு. பிள்ளைகளைப் பரதநாட்டியத்துக்கோ பாட்டுக்கோ கொண்டுபோய் விட்டவர்களுக்கு அது கலைக்கூடம். மற்றவர்களுக்கு அது அன்னலட்சுமி உணவகம் இருக்கும் இடம். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் இந்தக் கலைக்கூடத்தைத் தொடங்கியபோது கோபால் ஷெட்டி – ராதா ஷெட்டி, சிவதாஸ் – வத்சலா சிவதாஸ் என்ற இரண்டு நடனத் தம்பதியர் உடன் நின்றார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1984-இல், அன்னலட்சுமி பிறந்தது. அதன் அடிப்படை மிக எளிமையானது: வேண்டியதைச் சாப்பிடுங்கள், மனத்துக்குத் தோன்றியதைக் கொடுங்கள். பரிமாறியவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். வந்த பணம் கலை வளர்ப்புக்குப் போனது. இங்கே வேர்விட்ட அந்த யோசனை பிறகு சிங்கப்பூர், பெர்த், கோயம்புத்தூர், சென்னை என்று பரவியது.

கணினி விளையாட்டு உலகத்துக்கு இந்த யோசனை வந்து சேர மேலும் கால் நூற்றாண்டு ஆனது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பதினைந்து வயதுப் பையன்களிடம் 'பண்டல்' என்று சொன்னால் விளக்கம் தேவையில்லை. அவர்களுடைய அப்பா அம்மாவுக்காக ஒரு வரி: பல கேம்களை ஒரே கட்டாகச் சேர்த்து, 'உங்களால் முடிந்ததைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஒரு பங்கு தர்மத்துக்குப் போகும்' என்று இணையத்தில் விற்பதுதான் பண்டல்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு, அதில்தான் பாடமும் இருக்கிறது. 2009 அக்டோபரில் 'வேர்ல்ட் ஆஃப் கூ' என்ற கேமை உருவாக்கிய டூடி பாய் என்ற சிறு நிறுவனம், கேமின் முதல் பிறந்தநாளுக்காக விலைச்சீட்டைக் கிழித்துப் போட்டது. ஒரு சென்ட் கொடுத்தாலும் போதும் என்றார்கள். முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 57,000 பேர் வாங்கினார்கள். சராசரியாக ஒருவர் கொடுத்தது 2 டாலரைச் சற்றே தாண்டியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே ஒரு சென்ட் கொடுத்தார்கள். அந்த ஒரு சென்ட், பணத்தைக் கைமாற்றும் நிறுவனத்தின் கட்டணத்துக்கே போதாது. உருவாக்கியவர் கைக்கு எதுவும் வராது.

அடுத்த ஆண்டு மே மாதம் சான் பிரான்சிஸ்கோவின் வோல்ஃபயர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ரோசனும் ஜான் கிரஹாமும் அதே யோசனையைக் கையில் எடுத்து இரண்டு மாற்றங்களைச் செய்தார்கள். தனித்தனியாக விலை பேசப்பட்ட சிறு கேம்களை ஒன்றாகக் கட்டினார்கள்: வேர்ல்ட் ஆஃப் கூ, அக்வேரியா, கிஷ், லுகாரு, பெனும்ப்ரா. பணம் செலுத்தும் பக்கத்தில் ஸ்லைடர்களை வைத்தார்கள். நான் கொடுக்கும் தொகையில் உருவாக்கியவர்களுக்கு எவ்வளவு, தர்மத்துக்கு எவ்வளவு என்று வாங்குபவரே இழுத்துப் பிரித்துக்கொள்ளலாம். தர்மத்தின் பெயர்களும் தெளிவாக இருந்தன. ஒன்று, மருத்துவமனைகளில் படுத்திருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுகளும் கேம்களும் வாங்கிக் கொடுக்கும் சைல்ட்ஸ் பிளே. மற்றொன்று, இணைய உரிமைகளுக்காக வழக்காடும் எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன்.

'ஹம்பிள் இண்டி பண்டல்' என்ற அந்த முதல் கட்டை 138,000-க்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். திரண்டது 1.27 மில்லியன் டாலர். சராசரித் தொகை 9 டாலரைத் தாண்டியது. வேர்ல்ட் ஆஃப் கூவுக்கு மட்டும் 2 டாலர் கொடுத்த அதே இணையக் கூட்டம் இங்கே நான்கு மடங்குக்கு மேல் கொடுத்தது. ஐந்து கேம் கிடைத்தது ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாங்கியவர்கள் தர்மத்துக்கு ஒதுக்கியது மொத்தத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கேம் மட்டும் வேண்டும் என்று வந்தவர்களுக்கு அப்படிச் செய்ய எந்தக் கட்டாயமும் இல்லை.

அதே ஆண்டு வெளியான, அமெரிக்காவில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் நடந்த ஆய்வு இதை இன்னும் துல்லியமாகக் காட்டியது. அயலெட் நீசியும் சக ஆய்வாளர்களும் 'சயன்ஸ்' ஆய்விதழில் அதை வெளியிட்டார்கள். சவாரி முடித்து இறங்குகிறவர்களிடம் அவர்களுடைய புகைப்படத்தை விற்பது அங்கே வழக்கம். 113,047 பேரை வைத்து நான்கு விதமாக விற்றுப் பார்த்தார்கள். 12.95 டாலர் என்று விலை வைத்தபோது ஆயிரத்தில் ஐந்து பேர் வாங்கினார்கள். பாதி தர்மத்துக்கு என்று சேர்த்துச் சொன்னால் ஆறு பேர். விருப்பம் போல் கொடுங்கள் என்றதும் ஆயிரத்தில் 84 பேர் வாங்கினார்கள், ஆனால் சராசரி 92 சென்ட்தான். விருப்பம் போல் கொடுங்கள், அதில் பாதி தர்மத்துக்கு என்றபோது வாங்கியவர் எண்ணிக்கை 45-ஆகக் குறைந்தது. சராசரியோ 5.33 டாலர்.

கூட்டிப் பார்த்தால், தர்மம் இல்லாத இஷ்ட விலையில் ஆயிரம் பேரிடமிருந்து 77 டாலர் வந்தது. தர்மத்தோடு சேர்ந்தபோது 239 டாலர். பாதியைத் தானம் செய்த பிறகும் விற்றவருக்கு மிஞ்சியது அதிகம்.

எனக்கு அந்த 84-க்கும் 45-க்கும் இடையில் காணாமல் போனவர்கள்தான் முக்கியம். தர்மம் என்று தெரிந்த பிறகு 50 சென்ட் நீட்டக் கூச்சப்பட்டு, வேண்டாம் என்று நடந்துவிட்டவர்கள் அவர்கள். கோயில் திருவிழாவில் தட்டு நீட்டப்படும்போது பையில் இருக்கும் சில்லறையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுக்காத நம்மவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கஞ்சர்கள் அல்லர். குறைவாகக் கொடுத்துத் தங்கள் மதிப்பைத் தாங்களே இறக்கிக்கொள்ள மனம் வராதவர்கள்.

திருட்டுக் கேமைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் இந்தப் பேச்சு முழுமை பெறாது. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் இம்பி பிளாசா, லோயாட், பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் போனவர்களுக்கு ஐந்து வெள்ளி, பத்து வெள்ளிக்கு எந்தக் கேமும் குறுந்தட்டில் கிடைத்தது. ஒரிஜினல் வாங்குவது பணக்கார வீட்டுப் பிள்ளைகள் காரியம் என்று ஒரு தலைமுறையே வளர்ந்தது. அந்தத் தலைமுறையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அமெரிக்க விலையை ரிங்கிட்டில் பெருக்கினால் ஒரு கேம் ஒரு குடும்பத்தின் ஒரு வார மளிகைச் செலவு. சட்டப்படி வாங்கவும் முடியும், நம் கைக்கு எட்டும் தொகையைக் கொடுக்கவும் முடியும் என்ற வழியை முதன்முதலில் அகலத் திறந்தவற்றில் பண்டலும் ஒன்று. ஒரு சென்டுக்கு வாங்கலாம் என்ற நிலையிலும் முதல் ஹம்பிள் பண்டலைத் தரவிறக்கியவர்களில் நான்கில் ஒரு பங்கினர் எதுவும் கொடுக்காமல் எடுத்துச் சென்றிருப்பார்கள் என்று வோல்ஃபயர் மதிப்பிட்டது. அந்த இழப்போடும்தான் 1.27 மில்லியன் சேர்ந்தது.

அன்னலட்சுமிக்கும் பண்டலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இலையில் விழும் ஒவ்வொரு கரண்டி சோற்றுக்கும் அரிசி வாங்க வேண்டும். கேமின் இன்னொரு பிரதிக்கு ஏறக்குறைய செலவே இல்லை. வெளியாகி இரண்டு வருடம் ஆகி, விற்பனை அடங்கிப்போன கேமைப் பண்டலில் சேர்ப்பதால் உருவாக்கியவருக்கு நட்டம் சொற்பம், வருவதெல்லாம் லாபம். அமெரிக்காவின் பனேரா ரொட்டிக்கடை நிறுவனம் 2010-இல் மிசூரி மாநிலத்தில் தொடங்கி, சில நகரங்களில் 'முடிந்ததைக் கொடுங்கள்' உணவகங்களை நடத்திப் பார்த்தது. 2019-க்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டது. இத்தனைக்கும் அது பெரிய நிறுவனம். சமையலறை நடத்தி, தொண்டர்களை நம்பி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கலைக்கூடம் இந்தக் கொள்கையைத் தூக்கிப் பிடித்ததை நினைக்கும்போது, கேம்காரர்களைவிட நம்மவர்கள் சுமந்தது கனமான பாரம் என்றே சொல்வேன்.

பண்டல்களின் கதை நேர்க்கோட்டில் போகவில்லை. 2010 டிசம்பரில் வந்த இரண்டாவது பண்டலில், சராசரிக்கு மேல் கொடுப்பவர்களுக்குக் கூடுதல் கேம்கள் என்ற தூண்டில் வந்தது. 2017-இல், பண்டல்களை நடத்திவந்த ஹம்பிள் நிறுவனத்தைக் கேம் செய்தித் தளமான ஐஜிஎன் வாங்கியது. 2021 ஏப்ரலில் ஸ்லைடர்களை எடுத்துவிட்டுப் பங்கீட்டைத் தாங்களே நிர்ணயிக்கப் போவதாக அறிவித்தார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். முழுத் தொகையையும் தர்மத்துக்கே தள்ளிவிட்டு வாங்கிய பழக்கம் பலருக்கும் இருந்தது. எதிர்ப்பு வலுத்ததும் நிறுவனம் ஸ்லைடரைத் திருப்பிக் கொடுத்தது, ஆனால் பூட்டோடு: அந்த ஜூலையிலிருந்து 15 முதல் 30 விழுக்காடு வரை கண்டிப்பாக ஹம்பிளுக்கு. ஒரு நிறுவனம் தன் சம்பளச் செலவுக்கு எடுப்பதில் தவறில்லை. ஆனாலும் தர்மத்தின் பெயரால் திரட்டும் பணத்தில் தன் பங்கை உயர்த்தும்போது மக்கள் கணக்குக் கேட்டது நியாயம் என்பதே என் கருத்து. தர்மத்துக்கு இதுவரை 200 மில்லியன் டாலருக்கு மேல் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

இந்த ஸ்லைடர் தகராறுக்கு முந்தைய ஆண்டே வேறொரு பாதை தெரிந்தது. 2020 ஜூனில், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீசாரால் கொல்லப்பட்ட இரண்டு வாரங்களுக்குள், இட்ச் டாட் ஐஓ என்ற தளம் இன நீதிக்கான பண்டல் ஒன்றை வெளியிட்டது. உலகெங்கிலுமிருந்து சிறு படைப்பாளிகள் 1,700-க்கும் மேற்பட்ட கேம்களையும் படைப்புகளையும் இலவசமாகத் தூக்கிக் கொடுத்தார்கள். குறைந்தபட்சத் தொகை 5 டாலர். தளமும் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். 8 மில்லியன் டாலருக்கு மேல் திரண்டு, கறுப்பின மக்களுக்காக வழக்காடும் சட்ட உதவி நிதிக்கும் ஜாமீன் நிதிக்கும் போனது. 5 டாலருக்கு அத்தனை கேம் என்றால் வாழ்நாளெல்லாம் விளையாடினாலும் தீராது. வாங்கியவர்களில் பலர் ஒன்றைக்கூடத் திறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் வாங்கியது கேமை இல்லை என்பது எண்ணிக்கையிலேயே தெரிகிறது.

அதே தளம் நம் ஊருக்கும் ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. பின்னர் கைகன் கேம்ஸ் என்று அறியப்பட்ட கோலாலம்பூர்க் குழுவினர் 2016-இல் 'சாரா இஸ் மிஸ்ஸிங்' என்ற சிறு கேமை அங்கே விருப்ப விலைக்கு வைத்தார்கள். காணாமல் போன ஒரு பெண்ணின் கைப்பேசி உங்கள் கையில் கிடைக்கிறது. அதிலுள்ள குறுஞ்செய்திகளையும் படங்களையும் துழாவி அவளுக்கு என்ன நேர்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். யூடியூபில் பிரபலமானவர்கள் அதை எடுத்து விளையாட, உலகம் முழுக்கப் பேச்சானது. மறு ஆண்டே 'சிமுலாக்ரா' என்ற முழுநீளக் கேமை விலை வைத்து விற்றார்கள், பிறகு அதன் தொடர்ச்சிகளும் வந்தன. அது தர்மத்துக்கான விற்பனை அல்ல, தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வதற்கான திறந்த வாசல். ஆனால் விலையை மக்களிடம் விட்ட ஒரு கோலாலம்பூர்க் குழுவைக் காலம் கைவிடவில்லை என்பதற்கு அது கண்முன் நிற்கும் சான்று.

கொடுக்கும் மனத்துக்கும் நம் ஊரில் குறைவில்லை. கிள்ளான், ஷா ஆலாம் வட்டாரத்தை 2021 டிசம்பர் வெள்ளம் மூழ்கடித்தபோது தாமான் ஸ்ரீ மூடாவுக்குப் படகு கொண்டுபோனவர்களும் சோற்றுப் பொட்டலம் கட்டியவர்களும் பெரும்பாலும் சாதாரண மக்கள். அவர்களில் கணினி முன் உட்கார்ந்து கேம் எழுதும் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். நம் பல்கலைக்கழகங்களிலும் தனியார்க் கல்லூரிகளிலும் கேம் உருவாக்கம் படிப்பவர்கள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். பருவத்தேர்வுக்காகச் செய்து முடித்து, மடிக்கணினியில் தூங்கும் சிறு கேம்கள் அவர்களிடம் இருக்கின்றன. இருபது பேர் ஆளுக்கொரு கேமைக் கொடுத்தால் ஒரு பண்டல் ஆகிவிடும். இட்ச் தளத்தில் அதைக் கட்டி ஏற்றக் கட்டணம் கிடையாது.

கவனிக்க வேண்டியவை மூன்று. பணம் எந்த இல்லத்துக்கு, எந்தப் பள்ளிக்கு, எந்த டயாலிசிஸ் மையத்துக்குப் போகிறது என்று பெயர் சொல்ல வேண்டும். 'நற்பணிக்கு' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது தர்மத்தைச் சொல்லாததற்குச் சமம், அந்த 92 சென்ட்தான் வரும். குறைந்தபட்சத் தொகை ஒன்று வைக்க வேண்டும், இல்லையேல் சில்லறையெல்லாம் பணப் பரிமாற்றக் கட்டணத்தில் கரைந்துவிடும். விற்பனை முடிந்த பிறகு எவ்வளவு வந்தது, எவ்வளவு கட்டணம் போனது, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற கணக்கை, கொடுத்ததற்கான ரசீதோடு, வாங்கிய ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். இந்த மூன்றாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. அடுத்த பண்டலுக்கு ஆள் வருவதும் வராததும் அதைப் பொறுத்தது.