வைட்டமின் டி மாத்திரை இதயத்தைக் காக்குமா?

குறைவும் நோயும்

வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது என்பது உண்மை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 1,739 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்கும் கீழே இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 60 சதவீதம் கூடுதல். ஆனால், மாத்திரை போட்டால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்ற முடிவுக்கு அதிலிருந்து போக முடியாது. இந்த வைட்டமின் வெயில் படும் தோலில் உருவாவது. நோயால் வீட்டோடு முடங்கியவர்மீது வெயில் எப்படிப் படும்? வயது ஏற ஏறத் தோலின் திறனும் மங்குகிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு இரத்தத்தில் இதன் அளவு குறைவாகவே இருக்கிறது. முதுமை, பருமன், நடமாட்டம் இல்லாமை ஆகிய மூன்றுமே இதயத்தைக் கெடுப்பவை. அவை வைட்டமினையும் குறைத்து, மாரடைப்பையும் கொண்டுவந்தால், பழி வைட்டமின்மேல் விழுந்துவிடும்.

கொடுத்துப் பார்த்தபோது

இந்தச் சிக்கலைத் தீர்க்க நம்பகமான வழி, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வைட்டமினும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது. அமெரிக்காவில் ‘வைட்டல்’ ஆய்வு 25,871 பேரிடம் அதைச் செய்தது. தினம் 2,000 யூனிட், ஐந்து ஆண்டுகளுக்கு மேல். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் என்ற பெரும் பாதிப்புகள் வைட்டமின் பெற்றவர்களில் 396 பேருக்கு வந்தன. பெறாதவர்களில் 409 பேருக்கு. இதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. நியூசிலாந்தில் ஐயாயிரம் பேரிடம் நடந்த ஆய்வில் பாதிப் பேருக்கு மாதம் ஒரு லட்சம் யூனிட் கொடுத்தும் இதயத்துக்குப் பலன் கிடைக்கவில்லை.

‘அவர்களுக்குக் குறைவே இல்லையே’ என்பது நியாயமான மறுப்பு. பெரும்பாலோருக்கு இல்லைதான். ஆனால் நியூசிலாந்து ஆய்வில் நான்கில் ஒருவருக்கு 20 நானோகிராமுக்கும் கீழே இருந்தது, அவர்களுக்கும் பலன் இல்லை. ஆஸ்திரேலியாவில் 60 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஆய்வு 2023இல் சற்றே மாறான செய்தி தந்தது: பெரும் பாதிப்புகள் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 6.6 சதவீதம் பேருக்கும் வைட்டமின் பெற்றவர்களில் 6.0 சதவீதம் பேருக்கும் வந்தன. மறைக்க வேண்டிய செய்தி அல்ல இது. ஆனால் அந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். மிகக் கடுமையான குறைபாடு இதயத்தை என்ன செய்கிறது என்பதை இந்த ஆய்வுகள் தீர்த்துவைக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு எலும்புக்காகவே எப்படியும் சிகிச்சை வேண்டும்.

போட்டால் என்ன கெட்டுவிடும்?

கெடுதல் வரலாம். ஆஸ்திரேலிய ஆய்வில் மாதம் ஒன்று கொடுத்த அதே 60,000 யூனிட்டை நம் ஊரில் வாரம் ஒன்று என எழுதித் தருகிறார்கள். கடுமையான குறைபாட்டைச் சரிசெய்யச் சில வாரங்களுக்கு மட்டும் தரும் அளவு அது. மருந்துச் சீட்டின் காலம் முடிந்த பிறகும் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது ஆபத்து. கொழுப்பில் கரையும் இந்த வைட்டமின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். இரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று தொடங்கிச் சிறுநீரகம்வரை பாதிக்கும். இதைவிடப் பெரிய இழப்பு, இந்த மாத்திரையை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடுவது. இரத்த அழுத்த மாத்திரை இதயத்தைக் காப்பது பல ஆய்வுகளில் உறுதியானது. இதயத்துக்கு டைகாக்சின் என்ற மருந்து சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கால்சியம் ஏறினால் அவர்களுடைய இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். வைட்டமின் டி தொடங்கும் முன்பே டைகாக்சின் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.