உங்களுக்குத் தெரியுமா? கர்ப்பப்பை எடுத்த பிறகும் ஓடலாம்

பிள்ளை பெறாத பெண்ணின் கர்ப்பப்பை 7 சென்டிமீட்டர் சொச்சம் நீளம், 60 கிராம் சொச்சம் எடை. நாமக்கல் பண்ணையிலிருந்து சத்துணவுக் கூடத்துக்குப் போகிற முட்டை ஒன்று 50 கிராமை ஒட்டி இருக்கும். அதைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். பிள்ளை பெற்றவர்களுக்குச் சற்றுக் கூடும். நார்க்கட்டி வளர்ந்தால் அரைக் கிலோ, ஒரு கிலோவுக்கும் போகும். "உள்ள ஒண்ணுமே இல்லீங்க, ஓடினா குடல் எறங்கிப்போயிரும்" என்று சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் பெண்களே பெண்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வயிற்றுக்குள் வெற்றிடம் என்று ஒன்று உண்டாவதே இல்லை. கர்ப்பப்பை இருந்த இடத்துக்குக் குடல் சற்று நகர்ந்து வந்து படிந்துகொள்கிறது. நன்றாக ஆறிய உடம்பு நடக்கும், ஓடவும் ஓடும்.

* * *

பெண்கள் ஓடக் கூடாது என்பதற்குக் கர்ப்பப்பையைக் காரணம் காட்டுவது புதிதல்ல. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே வென்றார். இறுதிச் சுற்றில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் 'பெண்கள் மயங்கி விழுந்தார்கள், இது அவர்கள் உடம்புக்கு ஆகாது' என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து எடுக்கப்பட்டது. 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் திரும்ப வந்தது. 1967-ல் பாஸ்டன் மராத்தானில் 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரைப் போட்டி அதிகாரி ஒருவரே பிடித்து வெளியே தள்ளப் பார்த்தார். நீண்ட தூரம் ஓடினால் கர்ப்பப்பை கழன்று விழுந்துவிடும் என்று அந்தக் காலத்தில் மெய்யாகவே நம்பினார்கள். பெண்களுக்கான ஒலிம்பிக் மராத்தான் 1984-ல்தான் வந்தது.

அன்று கர்ப்பப்பை இருக்கிறது, ஓடாதே என்றார்கள். இன்று அதை எடுத்தாயிற்று, ஓடாதே என்கிறார்கள். இரண்டுக்கும் மருத்துவ ஆதாரம் கிடையாது. ஆனால் எப்போது ஓடலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. அதில் அவசரம் கூடாது.

* * *

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 3.3 விழுக்காட்டினர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இது 8 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பெரும்பாலான ஆபரேஷன்கள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பலருக்கு முப்பதுகளிலேயே முடிந்துவிட்டது. இன்னும் நாற்பது ஆண்டு வாழப் போகிற ஒரு பெண்ணை 'இனிமேல் சும்மா உட்கார்' என்று சொல்லும்போது எத்தனை வருஷத்தைப் பிடுங்குகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

* * *

'கர்ப்பப்பை ஆபரேஷன்' என்று ஒரே பேராகச் சொன்னாலும் வகைகள் வேறு வேறு. அடிவயிற்றைக் கிழித்துச் செய்வது ஒன்று. வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி இன்னொன்று. வயிற்றில் கத்தியே படாமல் பிறப்புறுப்பு வழியாகச் செய்வது மூன்றாவது. 'அடி இறங்கிவிட்டது' என்று வருபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். வயிற்றைக் கிழித்தால் அன்றாட வேலைக்குத் திரும்பவே 6 முதல் 8 வாரம் ஆகும். மற்ற இரண்டிலும் சீக்கிரம் எழுந்துவிடலாம்.

இங்கேதான் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. துளை ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு வெளியே சிறு தழும்புகள்தான் தெரியும். வலியும் பத்து நாளில் குறைந்துவிடும். "எனக்கு ஆறிடுச்சு" என்று வேலையில் இறங்கிவிடுவார். ஆனால் கர்ப்பப்பையை முழுதாக எடுத்தால், எந்த வழியில் எடுத்திருந்தாலும், உள்ளே பிறப்புறுப்பின் மேல்முனையில் ஒரு தையல் உண்டு. அந்தத் தையல் பிரிவது அபூர்வம், பிரிந்தால் ஆபத்து. லேப்ராஸ்கோப்பியில் அது பிரியும் வாய்ப்பு மற்ற வகைகளைவிடச் சற்று அதிகம் என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தாம்பத்தியத்துக்கு 6 வாரமாவது பொறுக்கச் சொல்வதும் இதனால்தான்.

* * *

அறுத்துத் தைத்த திசு, 3 மாதத்தில் பழைய பலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டுகிறது. குதிப்பு, ஓட்டம் இவற்றுக்கு 12 வாரம் என்று பல மருத்துவர்கள் சொல்வதன் பின்னே இருப்பது இந்தக் கணக்கு.

* * *

ஆபரேஷனுக்குப் பிந்திய முதல் பயிற்சி எது தெரியுமா? கட்டிலிலிருந்து எழுவது. மல்லாந்த நிலையில் அப்படியே நிமிர்ந்து எழக் கூடாது. முதலில் முழங்கால் இரண்டையும் மடக்கிச் சேர்த்து வையுங்கள். உடம்பு முழுவதையும் ஒரே பக்கமாக உருட்டி ஒருக்களித்துப் படுங்கள். கால்களைக் கட்டில் ஓரத்துக்கு வெளியே இறக்கிக்கொண்டே, முழங்கையையும் உள்ளங்கையையும் ஊன்றி எழுந்து உட்காருங்கள். எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். இருமல் வந்தால், ஒரு தலையணையை அடிவயிற்றில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமுங்கள். இதைச் சரியாகப் பழகியவருக்கு, பின்னால் ஓடும்போது வயிற்றை எப்படித் தாங்குவது என்பது தானாக வரும்.

நடையை ஆபரேஷனுக்கு மறுநாளே வார்டு வராந்தாவில் ஆரம்பித்துவிடச் சொல்வார்கள். காலில் ரத்தம் உறைவதைத் தடுக்க அது வேண்டும்.

* * *

பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் பிடித்தால் 15 கிலோ வரும். வீட்டு கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டில் தண்டைப் பிடித்துக் கிழங்கோடு இழுத்துப் பிடுங்குவதில் அடிவயிற்றில் விழுகிற அழுத்தத்தை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. குறைந்தது 6 வாரம், வயிற்றைக் கிழித்த ஆபரேஷன் என்றால் 12 வாரம் வரைகூட, இவை எதுவும் வேண்டாம். மெதுவோட்டத்துக்குப் பயப்படுகிற வீடு, நாற்பதாம் நாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு இதுதான் தாங்கவில்லை. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி முன்னால் நின்றே வேலை பார்க்கிற பெண்களுக்கும் இது பொருந்தும்: எடை தூக்காவிட்டாலும், நெடுநேரம் நிற்பது இடுப்புத் தளத்துக்குச் சுமைதான்.

* * *

இடுப்புத் தளம் என்பது கூடைக்கு அடியில் பின்னிய பின்னல் மாதிரி. முன்னே மூத்திரப்பை, பின்னே மலக்குடல், எல்லாவற்றையும் கீழிருந்து தாங்கும் தசைகள் அவை. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ல் இதற்கான பயிற்சியை எழுதி வெளியிட்டார். இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. சிறுநீரை அடக்குவதுபோலவும் காற்றை அடக்குவதுபோலவும் உள்ளே இறுக்கி மேலே இழுக்க வேண்டும். மெல்ல 10 வரை எண்ணிவிட்டு விட வேண்டும். 10 முறை, ஒரு நாளில் மூன்று வேளை. தொடை, பிட்டம், வயிறு எதுவும் அசையக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. டவுன் பஸ்ஸிலும் செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது மட்டும் இதைப் பழக வேண்டாம். சிறுநீர்க் குழாயை எடுத்து, சிரமமில்லாமல் போக ஆரம்பித்த பிறகு மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம்.

* * *

நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சமா? ஆனால் ஆபரேஷன் ஆன பெண்ணுக்கு முட்டை கொடுக்க மாட்டார்கள். பருப்பும் இல்லை. 'சீழ் வைக்கும்' என்பார்கள். ரசம் சோறும் பிரெட்டுமாக ஒரு மாதம் ஓடும். சீழ் கிருமியால் வருவது, முட்டையால் வருவதல்ல. புண் ஆறுவதற்குப் புரதம்தான் செங்கல்லும் சிமெண்ட்டும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. சைவர்களுக்குப் பருப்பு, தயிர், கடலை. சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தத்தையும் பாருங்கள். அதே தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. வருடக்கணக்கில் பெரும்பாட்டால், அதாவது அளவுக்கு மீறிய ரத்தப்போக்கால், அவதிப்பட்ட பிறகே பலர் ஆபரேஷனுக்கு வருகிறார்கள். ஆக, ஓடும்போது மூச்சு வாங்குவதற்குக் காரணம் ஆபரேஷனாக இல்லாமல் குறைந்துபோன ஹீமோகுளோபினாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அதை விழுங்கிய கையோடு டீயும் குடிக்காதீர்கள்.

* * *

ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையைத் தொடுகையிலும் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை மேலே ஏறுகிறது. 60 கிலோ பெண் என்றால் 120 முதல் 180 கிலோ. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் முறைக்கு மேல்.

அதற்கு உடம்பு தயாரா என்று பார்க்க இயன்முறை மருத்துவர்கள் சில சோதனைகள் வைத்திருக்கிறார்கள். 2019-ல் பிரிட்டனில் பிரசவத்துக்குப் பிறகு ஓடும் பெண்களுக்காக எழுதப்பட்டவை அவை. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கும் உதவும். 30 நிமிடம் விறுவிறுவென நடக்க வேண்டும். ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க வேண்டும். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் மெதுவாக ஓட வேண்டும். ஒற்றைக் காலில் 10 முறை குதிக்க வேண்டும். இவற்றில் எதிலும் சிறுநீர் கசியாமல், வலி இல்லாமல், கீழே ஏதோ இறங்குவதுபோல் கனக்காமல் இருந்தால் தொடங்கலாம்.

தொடங்குவது எப்படி? ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இதைப் பத்து முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்தில் மூன்று நாள். மறுநாள் காலையில் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்து, நன்றாக இருந்தால் மட்டும் ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டுங்கள்.

* * *

எங்கே ஓடுவது? ஏற்காடு மலைப்பாதை 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலை 70. இரண்டும் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் அதிர்வு அதிகம். சமவெளியில் இருப்பது நமக்கு வசதி. மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குத் தண்ணீர் தருகின்றன. அந்தக் கரைகளில் மண் பாதை உண்டு. சிமெண்ட் ரோட்டைவிட மண் காலுக்கு இதம். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்தது. உங்கள் ஊரில் எது என்று விசாரியுங்கள். சித்திரை, வைகாசியில் விடிந்து ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், இதே ஆபரேஷன் ஆன இன்னொருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். கூப்பிட்டுப் பாருங்கள்.

* * *

கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டார்களா? எடுத்திருந்தால் மாதவிடாய் நிற்கும் காலம் ஒரே நாளில் வந்ததற்குச் சமம். திடீரென்று உடம்பு சுட்டு வியர்க்கும், தூக்கம் கெடும், எலும்பு வேகமாகத் தேயும். எலும்பு தேய்வதை மட்டுப்படுத்த, காலில் எடை விழும் நடையும் ஓட்டமும் உதவுகின்றன. அப்படிப்பட்டவரைத்தான் ஓடாதே என்று உட்கார வைக்கிறோம்.

கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருக்கிறார்களா? அப்படியென்றால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை நிறுத்தக் கூடாது.

* * *

சிவந்த புது ரத்தம், நாற்றத்துடன் கசிவு, காய்ச்சல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

* * *

எடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஏராளமானோர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் வெளியே வந்தது. மாதவிடாயால் ஒரு நாள் வேலை போனாலும் அபராதம் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். தேவையற்ற கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு, டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5 அன்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. புற்றுநோய் இல்லாத பெரும்பாட்டுக்கு மாத்திரை உண்டு, மருந்து வைத்த லூப் உண்டு, கட்டியை மட்டும் எடுக்கும் வழியும் உண்டு. இன்னொரு மருத்துவரிடமும் கேட்பது உங்கள் உரிமை.

* * *

ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்கள், 6 வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போகும்போது நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த வகை ஆபரேஷன் செய்தீர்கள்? சினைப்பை இருக்கிறதா? கர்ப்பப்பை வாய் இருக்கிறதா? நான் எப்போது ஓடலாம்? நான்காவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.