கடல் தெரியும் மாடி

வீடு வாங்குவது பெரியவர்களின் கவலையாயிற்றே, அதைப்பற்றி எங்களிடம் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆயினும் பல இல்லங்களில் பத்திரத்தை உரக்கப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு, கற்கின்ற பிள்ளையின் மேலேயே விழுகிறது. ஆதலால் என் சொந்த அனுபவம் ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

தலைமையாசிரியர் பணியினின்று நான் ஓய்வு பெற்றபோது, சேமநிதியும் பணிக்கொடையுமாக ஒரு தொகை கைக்கு வந்தது. வாழ்நாள் உழைப்பின் பயன் முழுவதும் அதுவே. கடலோரத்தில் ஒரு வீடு வேண்டும் என்பது என் மனைவியாரின் நெடுநாளைய ஆவல். மாமல்லபுரத்தில் புதிதாகக் கட்டி முடித்த வீடு ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்வியுற்று இருவரும் சென்றோம். தரகர் எங்களை நேரே மாடிக்கு அழைத்துச் சென்று கிழக்கே கையை நீட்டினார். அங்கே கடல், அதன் கரையில் கடற்கரைக் கோயிலின் விமானங்கள்! 1984-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட பல்லவர் படைப்புகளை நாள்தோறும் கண் விழித்ததும் காணலாம் என்ற நினைவு எங்களை மயக்கிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றும் தூய்மையாக இருந்தது. மறுநாளே முன்பணம் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் நில அளவராகப் பணியாற்றுகிறார். மரியாதைக்காகவே அவரிடம் செய்தியைச் சொன்னேன். அவரோ அளவு நாடாவுடன் வந்து நின்றார். "ஐயா, மாடியிலிருந்து பழஞ்சின்னம் தெரிகிறது என்றால், அது எத்தனை மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்" என்றார்.

அவர் விளக்கியது இது. பழஞ்சின்னங்களைக் காக்க 1958-இல் மத்திய அரசு இயற்றிய சட்டம் 2010-இல் திருத்தப்பட்டது. அதன்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை உரிய அனுமதி பெற்றே கட்ட வேண்டும். கவனியுங்கள்: அளவு கோயிற் சுவரிலிருந்தன்று, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்தே தொடங்கும். எங்கள் வீடு அந்த இரண்டாம் வட்டத்துள் இருந்தது. அனுமதிக் கடிதத்தை வாங்கிப் பார்த்தோம். தரைத்தளத்திற்கு மட்டுமே அனுமதி. எந்த மாடியைக் காட்டி விலை சொன்னார்களோ, அந்த மாடிக்கு அனுமதியே இல்லை!

அவ்வாறாயின் வில்லங்கச் சான்று பொய்யா? அன்று. அது, பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைச் சொல்லும். கட்டட அனுமதியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தலைமையாசிரியனாக எத்தனையோ சான்றிதழ்களில் கையொப்பமிட்ட நான், ஒரு சான்று எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்கத் தவறினேன். கடலோரத்திற்கு வேறொரு விதியும் உண்டு. கடல் பெருகும்போது நீர் ஏறி நிற்கும் மேல்வரம்பிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை, கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடுகள் பொருந்தும்.

இதற்கிடையில் என் மனைவியார் தம் வழியில் ஓர் ஆராய்ச்சி நடத்தியிருந்தார். அவ்வீட்டுக் கிணற்று நீரை ஒரு குடத்தில் கொணர்ந்து துவரம்பருப்பை வேக வைத்தார். ஒரு மணி நேரமாகியும் பருப்பு மசியவில்லை. "இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தால் பசி தீருமா?" என்று கேட்டார்.

இதன் காரணம் நீங்கள் அறியவேண்டிய விஞ்ஞானம். கடலோர மணலில், மழையால் ஊறிய நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஒரு லிட்டர் நன்னீரின் நிறை ஏறத்தாழ 1000 கிராம். கடல்நீரின் நிறை 1025 கிராம். வேறுபாடு 25. ஆயிரத்தை அதனால் வகுத்தால் 40 வரும். அதாவது, கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். விடுதிகளும் வீடுகளும் பெருகி, இறைப்பு மிகுந்து, நீர்மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால் என்ன ஆகும்? நாளடைவில் உவர்நீர் கீழிருந்து 40 மீட்டர் மேலேறிவிடும். காட்சியைத் தேடி வருவோர் கூடக்கூடக் கிணறு உவர்ப்பதன் கணக்கு இதுவே.

உப்புக்காற்றும் சும்மா இருப்பதில்லை. கான்கிரீட்டினுள் புகுந்த உப்பு இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். ஆகவே கடலோரக் கட்டடங்களில் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. வெள்ளையடித்த புதுச்சுவரில் இதைக் கண்ணால் காண முடியாது. கட்டும்போதே பார்த்திருக்க வேண்டும். அல்லது கருவி கொண்டு அளக்க வல்ல பொறியாளரை அழைக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனைச் சட்டம், கட்டுமானக் குறையை ஐந்தாண்டுகள் வரை கட்டியவரே செலவின்றிச் சரிசெய்ய வேண்டும் என்று விதிக்கிறது. ஆயினும் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு மனையில் எழும் தனிவீடு அச்சட்டப்படி பதிவு செய்யப்படுவதில்லை. எங்கள் வீடும் அத்தகையதே.

முன்பணம் கொடுக்கவில்லை. தரகருக்குச் சற்று வருத்தந்தான். பின்னர்த் திருக்கழுக்குன்றத்திற்கு அருகில் ஒரு சிற்றூரில் சிறிய வீடொன்றை வாங்கினோம். அதன் மாடியிலிருந்து தென்னந்தோப்பு மட்டுமே தெரிகிறது. பருப்பு அரை மணி நேரத்தில் வெந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை பேருந்தேறி மாமல்லபுரம் சென்று, மாலை வெயில் சாயும்வரை அந்தக் கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறோம்.