சத்துருவும் எதிராளியும்: சில ஆங்கிலச் சொற்களின் பொருள்

ஆங்கில விளக்கவுரைகளைத் துணைகொண்டு அருளுரை ஆயத்தம் செய்வோர், எதிர்த்து நிற்பவர்களைக் குறிக்கும் பல சொற்களை அவற்றில் சந்திக்கின்றனர். எனிமி, ஃபோ, அட்வர்சரி, ஒப்போனன்ட், ஆன்டகனிஸ்ட், ரைவல் என்பன அவற்றுள் முக்கியமானவை. இவை அனைத்தையும் ‘சத்துரு’ என்றோ ‘விரோதி’ என்றோ பெயர்த்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு பெயர்க்கும்போது, குறிக்கப்படுகிற மனிதரைப் பற்றிய தீர்ப்பே மாறிவிடுகிறது. ஆகவே இச்சொற்களின் வேறுபாட்டை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

1. எனிமி, ஃபோ

எனிமி என்பது இலத்தீனிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. ‘நண்பன் அல்லாதவன்’ என்பது அதன் மூலப்பொருள். இலத்தீனில் தனிப்பட்ட பகைவனுக்கு ஒரு சொல்லும், நாட்டின் பகைவனுக்கு வேறொரு சொல்லும் இருந்தன. ஆங்கிலத்தில் எனிமி என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது. வெறுப்பு, தீங்கு செய்யும் எண்ணம் ஆகியவை இச்சொல்லில் பொதுவாக அடங்கியுள்ளன. ஃபோ என்பது பழைய ஆங்கிலச் சொல். இன்று பெரும்பாலும் கவிதையிலும் ஞானப்பாட்டுகளிலும் வழங்குவது.

பழைய ஆங்கிலத்தில் பகைவனுக்குரிய சாதாரணச் சொல் ‘ஃபீன்ட்’ என்பதன் முன்வடிவமே. ‘நேசிக்கிறவன்’ என்ற பொருளிலிருந்து ‘ஃபிரெண்ட்’ பிறந்ததுபோல, ‘வெறுக்கிறவன்’ என்ற பொருளிலிருந்து இது பிறந்தது. காலப்போக்கில் இதன் பொருள் பிசாசு என்று மாறிற்று. பகைவன் என்று நாம் அழைத்தவனைப் பிசாசாகவே காணத் தொடங்குவது மனித இயல்பு என்பதற்கு இச்சொல்லின் வரலாறு ஓர் எச்சரிக்கையாக நிற்கிறது.

2. அட்வர்சரி

‘எதிர்முகமாகத் திரும்பி நிற்பவன்’ என்பது இதன் அடிப்படைக் கருத்து. இது நீதிமன்றத்தோடு நெருங்கிய தொடர்புடையது. வழக்கில் எதிர்த்தரப்பில் நிற்பவன் அட்வர்சரி; அவன் நம்மை வெறுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மத். 5:25, லூக். 18:3, 1 பேது. 5:8 ஆகிய மூன்று இடங்களிலும் கிரேக்கத்தில் ‘அந்திதிகோஸ்’ என்ற சொல் வருகிறது. வழக்கு என்ற கருத்து அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு மூன்றிலும் அட்வர்சரி என்றே கூறுகிறது. நமது பழைய தமிழ்த் திருமறையும் ‘எதிராளி’ என்றே கூறுவது பாராட்டத்தக்கது. நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் பேதுருவின் வசனத்தில் எனிமி என்கிறது. கிரேக்கச் சொல் பகைவன் என்ற பொதுப்பொருளிலும் வழங்கியதால் இது பிழையன்று. எனினும் பிசாசு குற்றஞ்சாட்டுகிற எதிர்வழக்காளி என்ற சாயல் இதில் மறைந்துபோகிறது.

எண். 22:22 மேலும் சிந்திக்கத்தக்கது. பிலேயாமின் வழியை மறித்த கர்த்தருடைய தூதன் எபிரெயத்தில் ‘சாத்தான்’, அதாவது எதிர்த்து நிற்பவன், என்று குறிக்கப்படுகிறார். இங்கே அட்வர்சரி பொருந்தும், எனிமி பொருந்தாது. நம்மை எதிர்த்து நிற்பவர் தேவனால் அனுப்பப்பட்டவராகவும் இருக்கக்கூடும்!

3. ஒப்போனன்ட், ஆன்டகனிஸ்ட்

ஒப்போனன்ட் என்பது ‘எதிரே வைத்தல்’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. பண்டைய பல்கலைக்கழகத் தர்க்கங்களில் ஒருவர் ஒரு கருத்தை நிலைநாட்ட, மற்றொருவர் மறுப்புகளை எழுப்புவார். அவ்வாறு மறுப்பவருக்கு இப்பெயர் வழங்கிற்று. இன்று விளையாட்டிலும் தேர்தலிலும் எதிரே நிற்பவருக்கு இது வழங்குகிறது. போட்டி முடிந்தால் இந்த உறவும் முடிந்துவிடும். ஆன்டகனிஸ்ட் என்பது போட்டிக்களத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; ஆயினும் இன்று அதில் பகைமையின் சாயல் சற்று மிகுதி.

4. ரைவல்

இதன் வேர் நீரோடையைக் குறிக்கும் இலத்தீன் சொல். ஒரே ஓடையின் நீரைப் பயன்படுத்துகிற அயலான் என்பது முதற்பொருள். இருவரும் விரும்பும் பொருள் ஒன்றே என்பதனால் போட்டி எழுகிறது. ஈசாக்கின் வேலைக்காரரும் கேராரின் மேய்ப்பரும் துரவுகளுக்காக வாதாடியதை (ஆதி. 26:20-22) நினைவுகூர்வோமாக. 1 சாமு. 1:6இல் பெனின்னாளைப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அட்வர்சரி என்றது. 1952ஆம் ஆண்டின் ரிவைஸ்டு ஸ்டாண்டர்டு வெர்ஷன் ரைவல் என்று திருத்திற்று. தமிழில் ‘சக்களத்தி’ என்ற சொல் அவ்வுறவை அதைவிடத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

5. போதகர் கவனிக்கவேண்டியவை

விளக்கவுரைகளில் ‘பவுலின் ஒப்போனன்ட்கள்’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. இதைப் ‘பவுலின் சத்துருக்கள்’ என்று மாணவர் எழுதினால், அப்போஸ்தலன் செய்யாத தீர்ப்பை அவர்மேல் ஏற்றியவராவர். கீழ்ப்படியாதவனைச் சத்துருவாக எண்ணாமல் சகோதரனாக எண்ணிப் புத்திசொல்லும்படி அவர் கட்டளையிட்டார் (2 தெச. 3:15). எதிர்பேசுகிறவர்களைச் சாந்தமாய்த் திருத்தவேண்டும் என்றும் எழுதினார் (2 தீமோ. 2:25). சத்தியத்தைச் சொன்னதனால் தாமே சத்துருவாகிவிட்டேனோ என்று கலாத்தியரிடம் அவர் கேட்ட கேள்வியில் (கலா. 4:16) எத்துணை வேதனை! சபைத் தேர்தலில் மாற்று அணியில் நின்றவரையும், கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கைக் கேட்டவரையும் ‘சபையின் விரோதி’ என்று நாம் பேசும்போது, ஒப்போனன்டை எனிமி ஆக்குகிறோம். அதன்பின் ஒப்புரவாகும் வழி கடினமாகிறது.

மறுபுறம், கடுமையான சொல்லை இலேசாக்குதலும் தகாது. மத். 5:44இல் நம் ஆண்டவர் நேசிக்கச் சொன்னது மாற்றுக் கருத்துடையோரை மட்டுமன்று. மெய்யாகவே நம்மைப் பகைத்துத் துன்பப்படுத்துகிறவர்களை. அங்கே ‘எதிராளி’ என்று மென்மையாக்கினால் கட்டளையின் பாரம் குறைந்துவிடும். ரோமர் 5:10இல் நம்மைப் பற்றி வருகிற சொல்லும் அதுவே. நாம் தேவனுக்குச் சத்துருக்களாயிருக்கையில் ஒப்புரவாக்கப்பட்டோம். அத்தகைய சொல்லை நம்மோடு கருத்து மாறுபட்ட சகோதரன்மேல் எளிதாய் எறிதல் தகுமோ?